குடைக் கூண்டு: வாங்கலாம், இரையை மட்டும் நீங்களே பாருங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மண் குட்டையோ நெல் வயலோ வைத்துக்கொண்டு நண்டோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியது ஆன்லைனில் 420 ரூபாய்க்குக் கிடைத்த, நண்டும் மீனும் பிடிக்கிற நைலான் கூண்டு. குடை மாதிரி விரியும், மடங்கும். பச்சை வலை, சுற்றிலும் எட்டு வாசல், நடுவில் இரை வைக்க ஒரு பை. போன ஐப்பசியில் வந்தது, இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் இந்தக் கூண்டு எவ்வளவு பிடிக்கும், எதைப் பிடிக்கும் என்பதெல்லாம் உள்ளே என்ன வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதைப் பற்றி விற்கிறவர்கள் எழுதியிருப்பது நம் ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவராது. அதனால் கூண்டைப் பற்றிக் கொஞ்சமும் இரையைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

எங்கள் கொட்டாய், அதாவது வயலோடு சேர்ந்த வீடு, காவேரிப்பட்டணம் பக்கம். கே.ஆர்.பி. அணை என்கிற கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்ப் பாசனம். கால்வாயில் தண்ணீர் விட்டதும் நெல்லுக்குச் சந்தோஷமோ இல்லையோ, நண்டுக்குச் சந்தோஷம். வரப்பில் வளை தோண்டிவிடும். சாயங்காலம் கட்டின தண்ணீர் விடிந்து பார்த்தால் பக்கத்து வயலில் நிற்கும். எங்கள் மீன் குட்டைக்குத் தார்ப்பாய் போடவில்லை, வெறும் மண் கரைதான். அங்கேயும் இதே கதை. வளைக்குள் குருணை மருந்து போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அது மீனுக்கு நஞ்சு, வரப்புத் தண்ணீர் கடைசியில் குட்டைக்குத்தான் வடியும். அதோடு சளி பிடித்தால் நண்டு ரசம் வைக்கிற வீடு எங்களுடையது. தின்கிற பொருளுக்கு மருந்து போட மனசு வராது.

முன்பெல்லாம் இதற்குப் பறி என்று மூங்கிலில் பின்னின கூண்டு இருந்தது. பக்கத்துக் கொட்டாய்ப் பெரியப்பா வீட்டுப் பரணில் இன்னும் ஒன்று கிடக்கிறது. பின்னித் தர ஆள்தான் இல்லை. அதனால்தான் இந்த நைலான் கூண்டு.

விரித்து நடுக் கயிற்றை இழுத்தால் கம்பிகள் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வேலை ஒரு நிமிஷம்கூட இல்லை. மடித்தால் பைக் பெட்டிக்குள் போய்விடும். வாசல் ஒவ்வொன்றும் உள்பக்கமாகக் குறுகிக்கொண்டே போகிற வலைப் புனல். வெளியிலிருந்து வருகிறதுக்கு அகலமாகத் தெரியும், உள்ளேயிருந்து தேடினால் அந்தரத்தில் தொங்கும் சின்ன ஓட்டை. பறியின் வாயும் இதே கணக்குதான். ஒரு விஷயம் கவனியுங்கள்: புதிதாக வரும்போது இந்தப் புனல் தொளதொளவென்று தொங்கும். நண்டு நடந்துதான் ஏறும், நீந்தி வராது. வலை தொய்ந்திருந்தால் காலுக்குப் பிடிமானம் கிடைக்காமல் திரும்பிப் போய்விடும். நைலான் நூலால் எதிரெதிர் வாசல்களை இழுத்துக் கட்டினேன். அதற்கப்புறம்தான் பெரிய நண்டு உள்ளே வர ஆரம்பித்தது.

கூண்டோடு இரண்டு பொருள் இலவசமாக வந்தன. ஒன்று, சிவப்பு நிறத்தில் வாசனைக் குருணை இரை ஒரு பொட்டலம். இன்னொன்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் நண்டு. அட்டைப் படத்தில் நண்டு, இறால், மீன், ஆக்டோபஸ் எல்லாம் ஒரே கூண்டுக்குள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

என்னோடு படித்தவன் ஒருவன் ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் மீன் கம்பெனியில் இருக்கிறான். படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "இது பேய்க்கணவாய்க்கு வைக்கிறதுடா. உன் குட்டையில இருக்கிற நண்டு இதை எதுக்குத் தேடி வரப்போகுது?" என்றான். பேய்க்கணவாய் என்றால் ஆக்டோபஸ். அப்புறம் அரை மணி நேரம் அதன் கதைதான். அவன் சொன்னதையும் அதற்கப்புறம் நான் தேடிப் படித்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். குட்டை நண்டுக்கு இரை தேர்ந்தெடுக்க எனக்குக் கைகொடுத்ததே இந்தக் கடல் விஷயம்தான்.

ஆக்டோபஸுக்கு உயிர் நண்டு என்றால் உயிர். நிறம் அதற்குத் தெரியாது, ஆனால் பார்வை கூர்மை. நண்டு உருவத்தில் ஒன்று அசைந்தால் வந்து பிடிக்கும். பிடித்த பிறகு கையிலிருக்கிற உறிஞ்சிகளாலேயே ருசி பார்க்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் இதை வைத்தே ஒரு கூண்டு செய்திருக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் நண்டு, அதற்கு ஒரு சின்ன விளக்கு. ஆக்டோபஸ் நண்டைப் பிடித்து இழுத்தால் கதவு மூடிக்கொள்ளும். அழுகுகிற இரையே தேவையில்லை.

போர்ச்சுகல் கடற்கரையில் இரண்டு விதமாகப் பிடிக்கிறார்கள். ஒன்று கம்பிக் கூண்டு. அதில் மத்தி, கானாங்கெளுத்தி, நண்டு என்று இரை வைப்பார்கள். இன்னொன்று வெறும் குடம். அதில் இரையே கிடையாது. நீளமான கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் போட்டுவிட்டால், இண்டு இடுக்கு தேடும் ஆக்டோபஸ் தானாகக் குடிவந்துவிடும். ஜப்பானில் அகாஷி பக்கமும் இதே குடம்தான். நம் பாக் நீரிணையிலும் வெறும் சங்கு ஓடுகளைக் கயிற்றில் கோத்துப் போடுகிற பழைய முறை உண்டு. அப்படிப் பிடித்த பேய்க்கணவாயைத் தூண்டிலுக்கு இரையாகவும் வைப்பார்கள்.

கூண்டுக்கு வருவது பசியோடு திரிவது. குடத்துக்கு வருவது வீடு தேடுவது. பெண் ஆக்டோபஸ் முட்டையிட்டுவிட்டால் அதைக் காத்துக்கொண்டே கிடக்கும், சாப்பிடாது. குஞ்சு பொரித்ததும் செத்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு நல்ல இரை வைத்தாலும் அது வெளியே வராது. ஆனால் குடத்துக்குள்ளேயே முட்டையிட்டிருந்தால் குடத்தோடு மேலே வந்துவிடும். அங்கே குடம் போடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சொல்லும் காரணமும் இதுதான். எந்த இரை வைக்கிறோம், இரை வைக்கிறோமா இல்லையா என்பதிலேயே எது மாட்டும், எது தப்பும் என்பது முடிவாகிவிடுகிறது.

சரி, நம் நண்டுக்கு வருவோம். ஒரு நண்டை வாளித் தண்ணீரில் விட்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவில் மயிர் கனத்தில் குட்டி உணர்கொம்புகள் விட்டு விட்டுத் துடிக்கும். தண்ணீரில் கரைந்த வாசனையை அது அதில்தான் பிடிக்கிறது. கால் நுனியிலும் ருசி தெரியும். நான் கோழித் தோல் ஒரு துண்டை வாளியின் மறுபக்கம் மெதுவாக விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தத் துடிப்பு வேகமானது. அதற்குப் பிறகுதான் கால் நகர்ந்தது, நேராக இல்லை, அப்படியும் இப்படியும் தடவிக்கொண்டு. தோல் காலில் பட்டதும் கொடுக்கு வந்து கவ்வியது. பிளாஸ்டிக் நண்டை விட்டபோது அந்தத் துடிப்பே மாறவில்லை. கெளுத்தியும் இப்படித்தான். ராத்திரியில் மீசையால் தடவி மோப்பத்தில் இரை தேடுகிறது அது. ஆக, குட்டைக் கூண்டுக்கு வாசனை வேண்டும், அதுவும் தண்ணீரில் கரைந்து விடியும்வரை கசிகிற வாசனை.

இலவசமாக வந்த சிவப்புக் குருணைக்குக் கெண்டை வந்தது. நண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீனுக்காகக் கூண்டு போடுகிறவர்களுக்கு அது ஆகும். எனக்கு என் சொந்தக் குட்டையில் நான் வளர்க்கிற கெண்டை ரகங்களான கட்லாவும் ரோகுவுமே கூண்டுக்குள் போய்ச் செதில் உதிர்ந்து நின்றால் என்ன பிரயோஜனம்? கடலைப் புண்ணாக்கும் ராகி களியும் சேர்த்துப் பிசைந்த உருண்டையும் அதே ரகம். கெண்டைக்கு அதைவிட நல்ல இரை நம் பக்கம் கிடையாது என்பேன். களியில் பிசைந்தால் மைதாவைவிட மெதுவாகக் கரையும். ஏரியில் குத்தகைக்காரர் அனுமதியோடு கெண்டைக்குப் போடுகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வையுங்கள். வளர்ப்புக் குட்டையில் நண்டுக்குப் போடுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மாம்பழக் காலத்தில் உதிர்ந்து கிடந்த பெங்களூரா பழத்தையும் அறுத்து வைத்தேன். ஜிலேபி மீன் வந்து மொய்த்தது, அவ்வளவுதான்.

கோழிக் குடல்தான் எல்லோரும் சொல்லும் இரை. கறிக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். வாசனையில் குறையில்லை. நண்டு வரும், கெளுத்தியும் வரும். ஆனால் குடல் ஒரே ராத்திரியில் கூழாகிவிடும். சின்னக் குட்டையில் தொடர்ந்து போட்டால் தண்ணீர் கெடும். ஆமையும் தண்ணீர்ப்பாம்பும்கூட அதற்கு வரும், அது தனி ஆபத்து, கீழே சொல்கிறேன். குடலைவிடக் கோழித் தலையும் காலும் மேல். தோலும் எலும்புமாக இருப்பதால் பிய்த்துத் தின்ன நேரமாகும், அதுவரை வாசனை போய்க்கொண்டே இருக்கும்.

எனக்கு மிகவும் திருப்தியாக அமைந்தது மத்தித் தலை. சந்தையில் மீன் வெட்டுகிற அக்காவிடம் சொல்லி வைத்தால் தலையும் செவுளும் ஒரு பையில் எடுத்து வைப்பார். மத்தி எண்ணெய் மீன். தலையை ஒரு தட்டு தட்டி நசுக்கிப் போட்டால் தண்ணீர் மேல் மினுமினுவென்று ஒரு படலம் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜிலேபித் தலை, கட்லா தலை வைத்தும் பார்த்தேன், வருகிறது, ஆனால் மத்திக்குப் பக்கத்தில் நிற்காது. போர்ச்சுகல்காரரும் கூண்டில் மத்தியைத்தான் வைக்கிறார் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மத்தி கிடைக்காத நாளில் நெத்திலிக் கருவாடு. அப்படியே போட்டால் உப்புதான் முதலில் கரையும். ஒரு மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பழைய வேட்டித் துணியில் முடிந்து போடுங்கள். இறாலுக்கு வேண்டுமென்றால் தேங்காய்ச் சில்லைத் தணலில் சுட்டு வையுங்கள். கால்வாய் ஓரம் குட்டி இறால் அதற்கு நன்றாக வரும்.

எந்த இரையானாலும் கூண்டின் நடுப் பையில் நேராக வைக்காதீர்கள். இந்தப் பொருளில் எனக்குப் பெரிய குறையே அந்தப் பைதான். வலைப் பை என்பதால் முதலில் வந்த நண்டு கொடுக்கை விட்டுப் பிய்த்துத் தின்று முடித்துவிடும். இரை தீர்ந்த கூண்டுக்கு அடுத்த நண்டு ஏன் வரப்போகிறது? மூடியுள்ள பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவில் சூடான ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டு, அதற்குள் இரையை நசுக்கி வைத்து, பைக்குள் கட்டித் தொங்க விடுகிறேன். வாசனை கசியும், தின்ன முடியாது. கூடவே ஒரு சின்னத் துண்டை மட்டும் வெளியே வைப்பேன். வந்தது வாயில் எதையாவது கவ்விக்கொண்டு உள்ளேயே நிற்கட்டும் என்று. நிறைய நண்டு சேர்ந்தால் ஒன்றை ஒன்று கடிக்கும். பழைய ஓட்டைக் கழற்றிய மெத்து நண்டு ஒன்று உள்ளே இருந்தால் விடிவதற்குள் ஓடுதான் மிஞ்சும். ஆக்டோபஸும் கூண்டுக்குள் இப்படித் தன் இனத்தையே தின்றுவிடும் என்றான் நண்பன்.

போடுகிற இடத்திலும் விஷயம் இருக்கிறது. ஓடுகிற கால்வாயில் வாசனை கீழ்நோக்கித்தான் போகும். வளைகள் இருக்கிற கரைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் வாசனை வளை வாசலுக்கே போகும். நிற்கிற குட்டையில் வாசனை அவ்வளவு தூரம் பரவாது, அதனால் வளைக்குக் கையெட்டும் தூரத்தில் கரையை ஒட்டிப் போட வேண்டும். பெரியப்பா கூண்டைப் பார்த்துவிட்டு, "அமாவாசைக்குக் கிட்ட போடுப்பா, நிலா வெளிச்சத்துல நண்டு வளையை விட்டு அவ்வளவா வராது" என்றார். என் அனுபவத்திலும் இருட்டு ராத்திரிதான் நல்ல ராத்திரி. மார்கழிக் குளிரில் எந்த இரைக்கும் மரியாதை இல்லை.

குடம் போடுகிற விஷயத்தைப் படித்த பிறகு நானும் கழுத்து உடைந்த இரண்டு மண்பானைகளைக் குட்டை அடியில் சாய்த்துப் போட்டு வைத்தேன், இரை எதுவும் வைக்காமல். பகலில் மெதுவாகத் தூக்கினால் உள்ளே கெளுத்தி பதுங்கியிருக்கிறது. கெளுத்தி மட்டும் வேண்டுமென்றால் காசு கொடுத்துக் கூண்டே வாங்க வேண்டாம். தூக்கும்போது முள் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் நண்டு மாட்டினால் வயிற்றுப் பக்கம் திருப்பி அந்த மடிப்பைக் கொஞ்சம் நீக்கிப் பாருங்கள். கடல் நண்டு மாதிரி இல்லை, நம் வயல் நண்டு குஞ்சையே அந்த மடிப்புக்குள் சுமக்கும். மிளகு அளவு குட்டி நண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் காலும் கொடுக்கும் முழுதாக இருக்கும். அப்படிப்பட்ட நண்டு என் கூண்டுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. வந்தால் வரப்பை விட்டுத் தள்ளி ஓடையில் விட்டுவிடுவோம். நரிக்கும் கொக்குக்கும் வேண்டாமா சாப்பாடு?

இப்போது அந்த ஆபத்து. இந்தக் கூண்டை முழுக்க மூழ்கப் போட்டால் உள்ளே போன ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துவிடும். தண்ணீர்ப்பாம்பும் அப்படித்தான். குட்டையில் நாம் பார்க்கும் பாலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர். சட்டத்தை விடுங்கள், அழுகினதையெல்லாம் தின்று குட்டையைச் சுத்தம் செய்கிற ஜீவன் அது. மூடின காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கூண்டின் உள்ளே மேல்பக்கம் கட்டிவிட்டால், ஒரு மூலை தண்ணீருக்கு மேலே நிற்கும். விற்கிறவர்கள் இதை அட்டையில் அச்சடித்திருக்க வேண்டும். ஒரு வரி போதும். இன்னொன்று, கயிறு அறுந்து கூண்டு தொலைந்துவிட்டால் நைலான் மக்காது, அடியில் கிடந்து பிடித்துக்கொண்டே இருக்கும். செத்த மீனே அடுத்ததுக்கு இரை. ஜிப் பக்கம் ஒரு சாண் வலையை வெட்டி அதைப் பருத்தி நூலால் தைத்து வைத்திருக்கிறேன். தொலைந்தாலும் நூல் மக்கி வழி திறந்துவிடும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். நம் நாட்டில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது, ஏரி கால்வாயில் புகுந்தால் மற்ற மீனை மிச்சம் வைக்காது.

எங்கே போடலாம் என்று கேட்பவர்களுக்கு: சொந்தக் குட்டை, சொந்த வயல். ஏரி என்றால் குத்தகை எடுத்தவரைக் கேட்க வேண்டும். கே.ஆர்.பி. அணையிலும் ஒகேனக்கல் பக்கம் காவிரியிலும் உரிமம் வைத்துத் தொழில் செய்கிற மீனவர்கள் இருக்கிறார்கள், அங்கே கொண்டுபோய் இதை இறக்காதீர்கள். காவிரிக் கரையில் காடு சேர்ந்த பகுதி 2022-இலிருந்து காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் வேறு. அங்கே நீர்நாய் இருக்கிறது, கூண்டுக்குள் மீன் துள்ளுவதைப் பார்த்தால் அது சும்மா இருக்காது. மீன் வளர்ப்பில் சந்தேகம் இருப்பவர்கள் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

உழைப்பு எப்படி என்றால், வலை பரவாயில்லை. பெரிய நண்டு கொடுக்கால் இரண்டு இடத்தில் அறுத்தது, நைலான் நூலால் தைத்துக்கொண்டேன். கம்பிகள் நைந்து போகவில்லை. கம்பி சேரும் நடுப் பிளாஸ்டிக் மூட்டு வெயிலில் கிடந்து விரிசல் விட்டது. விற்றவரிடம் உதிரி கேட்டால் இல்லை, வேண்டுமானால் புதுசு வாங்குங்கள் என்று பதில் வந்தது. 420 ரூபாய்ப் பொருளுக்கு 30 ரூபாய் உதிரி வைக்காதது சரியில்லை. சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி வைத்திருக்கிறேன், நிற்கிறது. எடுத்ததும் அலசி நிழலில் காயப் போடுங்கள், வெயிலில் வேண்டாம்.

பன்னிரண்டு வாசல், பதினாறு வாசல் என்று பெரியதும் விற்கிறார்கள். வரப்பு ஓரத்துக்கு எட்டு வாசலே போதும். அதே காசுக்குப் பெரியது ஒன்று வாங்குவதைவிடச் சின்னது இரண்டு வாங்கி, ஒன்றில் மத்தித் தலையும் இன்னொன்றில் கோழிக் காலும் வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் தண்ணீருக்கு எது பிடிக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.